எந்த அச்சில் எதைக் குறிப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் முதலாண்டு படித்த ஆம்பூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர், கையில் ஒரு வரைபடத்தாளுடன் என் அறைக்கு வந்தார். அவர் ஊரில் ஒரு பழைய தோல் பதனிடும் தொழிற்சாலை உண்டு. அதிலிருந்து வெவ்வேறு தொலைவில் உள்ள ஐந்து கிணறுகளின் நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அளந்து வந்திருந்தார். தாளில் ஐந்து புள்ளிகளும் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோட்டில் இறங்கின. அந்தக் கோட்டை அளவுகோல் வைத்து மேலும் நீட்டிக் காட்டி, "சார், மூன்று கிலோமீட்டர் தள்ளிப்போய்க் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் கிடைத்துவிடும்" என்றார்.

அவர் அளந்ததில் பிழை இல்லை. கணக்கிலும் பிழை இல்லை. ஆனாலும் அந்த மூன்று கிலோமீட்டர் தவறான விடை. அதை நம்பி ஒருவர் கிணறு வெட்டியிருந்தால் பணமும் போயிருக்கும், உப்புத் தண்ணீரும் மிஞ்சியிருக்கும். அப்படியானால் பிழை எங்கே ஒளிந்திருந்தது? வரைபடத்தின் அச்சில்!

மாணவ நண்பர்களே, அச்சு என்றால் என்ன, அதில் எதைக் குறிக்க வேண்டும், எப்படிக் குறிக்க வேண்டும் என்பவற்றை முதலில் பார்ப்போம். பிறகு அந்த மாணவரின் தாளுக்குத் திரும்புவோம். அப்போது பிழையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

உப்பு எங்கிருந்து வந்தது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பாலாற்றுப் படுகையில் அமைந்தவை. தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஆட்டுத்தோலானாலும் மாட்டுத்தோலானாலும், உரித்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் அதைத் தாக்கத் தொடங்கிவிடும். தோல் மண்டிக்கும், அங்கிருந்து தொழிற்சாலைக்கும் வந்து சேரும்வரை அது அழுகாமல் இருக்க வேண்டுமே! அதற்காக உப்பைக் கொட்டித் தேய்த்து அடுக்குகிறார்கள். உப்பு தோலிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். நீர் குறைந்த இடத்தில் பாக்டீரியாக்கள் பெருக முடியாது. நம் வீட்டில் ஊறுகாய் கெடாமல் இருப்பதும், கடற்கரையில் கருவாடு கெடாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதம் வரை உப்புப் போடுவது வழக்கம்.

தொழிற்சாலைக்கு வந்ததும் முதல் வேலை, தோலை நீரில் ஊறவைத்துக் கழுவுவது. அப்போது உப்பு அத்தனையும் தண்ணீருக்குள் போய்விடும். சாக்கடை நீரிலுள்ள மற்ற அழுக்குகளைப் பாக்டீரியாக்களைக் கொண்டு சிதைத்துவிடலாம். உப்பைச் சிதைக்க முடியாது. நீரை ஆவியாக்கியோ, சவ்வுகளின் வழியே அழுத்தி வடித்தோதான் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரிக்காமல் வெளியே விட்ட காலங்களில் அது மண்ணில் இறங்கி, ஊற்றில் கலந்து, கிணற்றுக்கு வந்தது.

ஆக, உப்பு எவ்வளவு என்று அறிவது நம் பகுதியில் பள்ளிப் பாடம் மட்டுமல்ல, வயிற்றுப்பாடும்கூட.

மூன்று வகை அளவுகள்

ஒரு சோதனையில் வரும் அளவுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நாமாக மாற்றுகிற அளவு. இரண்டாவது, அதற்குப் பதிலாகத் தானே மாறுகிற அளவு. மூன்றாவது, மாறாமல் நாம் பிடித்து வைத்திருக்கும் அளவுகள். பாடநூலில் முதலாவதைச் சாரா மாறி என்றும், இரண்டாவதைச் சார்ந்த மாறி என்றும், மூன்றாவதைக் கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்றும் கூறுவார்கள். பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். "நான் எதை மாற்றினேன்? அதனால் எது மாறியது? எவற்றை மாறாமல் பார்த்துக்கொண்டேன்?" இந்த மூன்று கேள்விகளையும் கேட்டால் போதும்.

ஒரு சோதனை செய்து பார்ப்போமா? பள்ளி ஆய்வகத்தில் ஒரு சோதனைக்குழாய் கேளுங்கள். மில்லிமீட்டர் கோடுகள் உள்ள வரைபடத்தாளில் ஒரு நீண்ட கீற்றை வெட்டி, கீழிருந்து மேலாக எண்கள் எழுதி, குழாயின் உட்புறத்தில் ஒட்டுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் சிறு இரும்புக் குண்டுகள் சிலவற்றைக் குழாய்க்குள் போட்டால், அது நீரில் நிமிர்ந்து மிதக்கும். உயரமான கண்ணாடி ஜாடியில் 1 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்து, குழாய் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் ஆழம் அமிழும்படி குண்டுகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். இனிக் குண்டுகளைத் தொடக்கூடாது.

இப்போது 50 கிராம் உப்பை நிறுத்து நீரில் போட்டு, முழுதும் கரையும்வரை கலக்குங்கள். குழாயை மிதக்கவிட்டு, எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் 50 கிராம், மீண்டும் 50 கிராம் என்று சேர்த்துக்கொண்டே போங்கள். குழாய் சிறிது சிறிதாக மேலே எழும்பும்! உப்புச் சேரச் சேர நீரின் அடர்த்தி கூடுகிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை இடம்பெயர்க்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. நீர் அடர்த்தியானால், அதே எடைக்குக் குறைந்த கன அளவு நீரை விலக்கினால் போதும். ஆகவே குழாய் குறைவாக அமிழ்கிறது.

நல்ல தண்ணீரில் சரியாக 100 மி.மீ. அமிழும் குழாய்க்கு, கணக்குப்படி வரவேண்டிய எண்கள் இவை:

உப்பு 0 கிராம்: ஆழம் 100 மி.மீ.
உப்பு 50 கிராம்: ஆழம் 97 மி.மீ.
உப்பு 100 கிராம்: ஆழம் 94 மி.மீ.
உப்பு 150 கிராம்: ஆழம் 91 மி.மீ.
உப்பு 200 கிராம்: ஆழம் 89 மி.மீ.
உப்பு 250 கிராம்: ஆழம் 87 மி.மீ.
உப்பு 300 கிராம்: ஆழம் 85 மி.மீ.

உங்கள் எண்கள் ஒன்றிரண்டு மி.மீ. வேறுபடலாம். கவலை வேண்டாம்; உங்கள் எண்களையே குறித்துக்கொள்ளுங்கள். புத்தகத்து எண்ணுக்காகத் தன் எண்ணைத் திருத்துகிறவர் சோதனை செய்தவராக மாட்டார்.

இனி மூன்று கேள்விகளைக் கேட்போம். நாம் மாற்றியது எது? உப்பின் அளவு. அதனால் மாறியது எது? அமிழ்ந்த ஆழம். மாறாமல் வைத்தவை எவை? நீர் 1 லிட்டர், அதே குழாய், அதே குண்டுகள், அதே உப்பு, நீரின் வெப்பநிலை. நடுவில் ஒரு குண்டைக் கூடுதலாகப் போட்டிருந்தால் என்ன ஆகும்? குழாய் இறங்கியது குண்டினாலா, உப்புக் குறைந்ததாலா என்று சொல்லவே முடியாது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், விடை இரண்டில் எதற்கு உரியது என்று தெரியாமல் போய்விடும்.

அச்சுகளுக்கு வருவோம்

நாம் மாற்றிய அளவைக் கிடை அச்சிலும், அதற்குப் பதிலாக மாறிய அளவைச் செங்குத்து அச்சிலும் குறிப்பது அறிவியலில் வழக்கம். இங்கே கிடை அச்சில் உப்பு, செங்குத்து அச்சில் ஆழம். வரைபடத்தை இடமிருந்து வலமாகப் பார்க்கும்போது, "உப்பைக் கூட்டிக்கொண்டே போனேன், ஆழம் என்ன ஆயிற்று?" என்று கண் தானே கேட்டுக்கொண்டு போகும். கிடை அச்சு கேள்வி. செங்குத்து அச்சு பதில் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இது இயற்கை விதி அல்ல. மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கமே. இரண்டு எண்களைக் கொண்டு தளத்தில் ஒரு புள்ளியைக் குறிக்கும் முறை, பிரெஞ்சு அறிஞர் தேக்கார்த்து 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலால் பரவியது. இங்கிலாந்தின் வணிகக் கணக்குகளை வில்லியம் பிளேஃபேர் 1786இல் வரைபடங்களாக வெளியிட்டபோது, ஆண்டுகளைக் கிடை அச்சில் வைத்தார். காலத்தை நாம் மாற்றுவதில்லை என்றாலும், அது நம்மைக் கேட்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் கிடை அச்சே அதற்குப் பொருத்தம். வழக்கத்துக்கு விலக்குகளும் உண்டு. பொருளாதார நூல்களில் விலையைச் செங்குத்து அச்சில் வைக்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறவர்களுக்கு வரைந்து தரும் படங்களில் ஆழம் செங்குத்து அச்சில் மேலிருந்து கீழாக இறங்கும். பூமிக்குள் போவது கீழ்நோக்கித்தானே! ஆகவே எந்த வரைபடத்தைக் கண்டாலும், கோட்டைப் பார்க்குமுன் அச்சுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அச்சில் அளவின் பெயரும் அலகும் இல்லாவிட்டால் அது வரைபடமே அல்ல, கோலம்.

சமமான இடைவெளி, சமமான அளவு

அளவுத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது அடுத்த வேலை. கிடை அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 50 கிராம் என்று வைத்தால், தொடக்கத்திலிருந்து முடிவுவரை 1 சென்டிமீட்டர் என்றால் 50 கிராம்தான். நடுவில் மாற்றக்கூடாது. தாளில் சமமான இடைவெளி, உண்மையில் சமமான அளவைக் குறிக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை அடிக்கோடிட்டு வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

செங்குத்து அச்சு எங்கே தொடங்க வேண்டும்? 0 முதல் 100 மி.மீ. வரை வைத்து வரைந்தால், நம் புள்ளிகள் யாவும் தாளின் உச்சியில் கூட்டமாக நிற்கும். ஆழம் குறைந்ததே தெரியாது. 80இல் தொடங்கி 100இல் முடித்தால் கோடு மலைச்சரிவாக இறங்கும். எண்கள் ஒன்றே, தோற்றங்கள் இரண்டு! எது சரி? சிறு மாற்றத்தைப் படித்தறிய இரண்டாவதுதான் வசதி. ஆனால் அச்சு 80இல் தொடங்குகிறது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். இந்த வித்தையைத் தெரிந்துகொண்டவர்கள், பெரிய மாற்றத்தைச் சிறிதாகவும் சிறியதைப் பெரிதாகவும் காட்ட முடியும். செய்தித்தாளில் வரும் வரைபடத்தை இனி அந்தக் கண்ணோடு பாருங்கள்.

புள்ளிகளை இட்ட பின், ஒவ்வொன்றையும் அளவுகோலால் இணைத்து ரம்பப் பல் போல் வரையாதீர்கள். புள்ளிகளின் போக்கைத் தழுவி ஒரே சீரான கோடு வரையுங்கள். நம் சோதனையில் அந்தக் கோடு முற்றிலும் நேராக இராது. வலப்புறம் போகப் போகச் சரிவு சற்றே தணியும். 300 கிராமுக்கு மேலும் உப்பைச் சேர்த்தால்? ஏறத்தாழ 360 கிராம்வரை கரையும். அதற்கு மேல் போடும் உப்பு ஜாடியின் அடியிலேயே தங்கிவிடும். கரைசல் தெவிட்டிவிட்டது! அங்கிருந்து கோடு படுத்துக்கொண்டு, ஏறத்தாழ 83 மி.மீ. மட்டத்தில் கிடையாகப் போகும். 300 கிராம் வரையிலான கோட்டை அளவுகோல் வைத்து நீட்டியிருந்தால், இந்த மாற்றம் நமக்குத் தெரிந்திருக்குமா? அளந்த எல்லைக்கு அப்பால் கோட்டை நீட்டுவது, தெரியாத ஆற்றில் ஆழம் பார்க்காமல் இறங்குவதற்குச் சமம்.

கோட்டைத் திருப்பிப் படித்தல்

இந்த வரைபடத்தால் இன்னொரு பயன் உண்டு. உங்கள் நண்பர், உங்களுக்குத் தெரியாமல் உப்பைக் கரைத்து ஒரு ஜாடியைக் கொண்டுவருகிறார். குழாய் 90 மி.மீ. அமிழ்கிறது. செங்குத்து அச்சில் 90இலிருந்து கிடையாகப் போய்க் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து நேரே கீழே இறங்குங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 175 கிராம் என்று சொல்லிவிடலாம்.

தோல் தொழிற்சாலைகளில் இதைத்தான் அன்றாடம் செய்கிறார்கள். அங்கே ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடி மிதவையில் 'பாமே' என்ற அளவு குறித்திருக்கும். அந்துவான் பாமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768இல் ஏற்படுத்திய அளவு அது. அவர் அந்த அளவை அமைத்ததே உப்புக் கரைசலைக் கொண்டுதான்! வெறும் நீரில் மிதவை நிற்கும் இடம் 0. எடையில் 15 சதம் உப்புள்ள கரைசலில் நிற்கும் இடம் 15. நடுவில் சமமாகப் பிரித்துக் கோடுகள் போட்டார். நம் நண்பரின் ஜாடியில் 1,000 கிராம் நீருக்கு 175 கிராம் உப்பு; அதாவது 1,175இல் 175; ஏறத்தாழ 15 சதம். பாமே மிதவையை அதில் விட்டால் ஏறத்தாழ 15 டிகிரியைக் காட்டும்.

இந்த எண்ணை நம்பித்தான் தோலின் விதி இருக்கிறது. பதனிடுவதற்கு முன் தோலை அமிலத்தில் நனைப்பது ஒரு கட்டம். அந்த நீரில் போதிய உப்பு இல்லாவிட்டால், தோல் அமிலத்தை உறிஞ்சி உப்பிக் கெட்டுப்போகும். ஆகவே முதலில் உப்பு நீரை 6 பாமேக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, பிறகுதான் அமிலம் சேர்ப்பார்கள். 6 பாமே என்பது நம் குழாயில் ஏறத்தாழ 96 மி.மீ. ஆழம். எண்ணைத் தவறாகப் படித்தால் ஒரு டிரம் தோல் பாழ்!

சாய்வு சொல்லும் செய்தி

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றிய வழக்கு அது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டில் வேரூன்றச் செய்த தீர்ப்புகளில் அது ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய முதற்கட்ட ஆய்வின்படி, இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக அதில் குறிப்பிடப்பட்டுள்ளது. ஒரு கிலோ முடிந்த தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் அதில் காண்கிறோம்.

இந்த இரண்டாவது எண்ணை வரைபடமாக்குவோம். கிடை அச்சில் தோல், கிலோவில். செங்குத்து அச்சில் நீர், லிட்டரில். 0 கிலோவுக்கு 0 லிட்டர். 100 கிலோவுக்கு 3,500 லிட்டர். 1,000 கிலோவுக்கு 35,000 லிட்டர். ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடு. அதன் சாய்வு, கிலோவுக்கு 35 லிட்டர். சாய்வு வெறும் எண் அல்ல. கிடை அளவை ஒன்று கூட்டினால் செங்குத்து அளவு எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லும் வாக்கியம். ஒரு தொழிற்சாலை தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால் அதன் கோடு படுக்கும், வீணாக்கினால் நிமிரும். இரண்டு கோடுகளை ஒரே தாளில் வரைந்தால் எது சிக்கனம் என்று எட்டாம் வகுப்பு மாணவரும் சொல்லிவிடுவார்.

கிணற்றடிக்குப் போவோம்

நம் சோதனைக்குழாயைக் கிணற்று நீரில் மிதக்கவிட்டால் உப்பின் அளவு தெரியுமா? தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரம், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த பொருள்கள் இருக்கலாம் என்கிறது; வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 2,000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 2,000 மில்லிகிராம் என்பது வெறும் 2 கிராம். அதற்குக் குழாய் எழும்புவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான்! நம் கண்ணுக்கு அது எட்டாது. ஆகவே கிணற்று நீருக்கு மின்சாரத்தின் உதவியை நாடுகிறோம். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்புகள் கரையக் கரையக் கடத்தும் திறன் கூடும். பேனா அளவிலுள்ள கருவியை நீரில் நனைத்தால் கரைந்த பொருள்களின் அளவைக் காட்டிவிடும். எங்கள் மாணவர் பயன்படுத்தியதும் இதைத்தான்.

இதோ அவர் வரைபடத்தின் எண்கள். படிப்பதற்கு வசதியாக அவற்றை நான் எளிமையாக மாற்றி அமைத்திருக்கிறேன். எந்த ஊரின் கிணற்றையும் இவை குறிப்பன அல்ல.

100 மீட்டர் தொலைவில்: லிட்டருக்கு 4,500 மி.கி.
200 மீட்டர் தொலைவில்: 3,800 மி.கி.
400 மீட்டர் தொலைவில்: 3,100 மி.கி.
800 மீட்டர் தொலைவில்: 2,400 மி.கி.
1,600 மீட்டர் தொலைவில்: 1,700 மி.கி.

தொலைவைக் கிடை அச்சிலும் உப்பைச் செங்குத்து அச்சிலும் வைத்தார். சரிதான். ஆனால் 100, 200, 400, 800, 1,600 என்ற ஐந்து எண்களையும் சமமான இடைவெளியில் எழுதிவிட்டார்! அடிக்கோடிடச் சொன்ன வாக்கியம் நினைவுக்கு வருகிறதா? முதல் இடைவெளி 100 மீட்டர். கடைசி இடைவெளி 800 மீட்டர். தாளில் இரண்டும் ஒரே அகலம். ஒவ்வொரு இடைவெளிக்கும் 700 மி.கி. குறைவதால் புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்துவிட்டன. கடைசி இடைவெளியைப் போலவே அடுத்ததும் 800 மீட்டர் என்று எண்ணிக் கோட்டை நீட்டினார். 500 மி.கி. என்ற எல்லையை அது ஏறத்தாழ 3,000 மீட்டரில் தொட்டது.

நீங்கள் அதே எண்களை 1 சென்டிமீட்டருக்கு 200 மீட்டர் என்ற சீரான அளவுத்திட்டத்தில் குறித்துப் பாருங்கள். நேர்கோடு மறைந்துவிடும்! தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்ல மெல்லப் படுக்கும் வளைகோடு தோன்றும். தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும்தான் 700 மி.கி. குறைகிறது. இதே போக்கு நீடித்தால் 3,200 மீட்டரில் 1,000 மி.கி. இருக்கும், 500க்கு இறங்க 5 கிலோமீட்டரையும் தாண்டிப் போக வேண்டும். அந்த "நீடித்தால்" என்ற சொல்லையும் மறக்காதீர்கள். அளந்த கடைசிக் கிணறு 1,600 மீட்டரில் இருக்கிறது. அதற்கப்பால் என்ன என்பதைக் கோடு சொல்லாது. அங்கே போய் அளந்தால்தான் தெரியும்.

பிடித்து வைக்க முடியாத அளவுகள்

மாணவர் தம் பிழையைக் கண்டுகொண்டார். "அப்படியானால் தாளைத் திருத்திவிட்டால் போதுமா, சார்?" என்று கேட்டார். "மூன்றாவது கேள்வியை நீ இன்னும் கேட்கவில்லையே!" என்றேன்.

ஜாடியில் நாம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தினோம். கிணற்றில் அது நடக்குமா? ஒரு கிணறு ஆழமானது, மற்றது ஆழமற்றது. ஒன்று ஆற்றோட்டத்துக்கு மேலே இருக்கிறது, மற்றது கீழே. ஒன்றின் அடியில் ஒருவகைப் பாறை, மற்றதன் அடியில் வேறு வகை. பாறையிலிருந்தும் உப்புகள் கரையும். பக்கத்துக் கிணற்றை மழைக்குப் பின் டிசம்பரிலும், தூரத்துக் கிணற்றை மே மாத வெயிலிலும் அளந்திருந்தால், நாம் பார்ப்பது தொலைவின் விளைவா, மழையின் விளைவா?

இங்கே தொலைவை நாம் மாற்றவும் இல்லை. கிணறுகள் ஏற்கெனவே அங்கங்கே இருக்கின்றன. தேர்ந்தெடுக்க மட்டுமே நம்மால் முடியும். ஆகவே கோடு இறங்குவதால் மட்டும், "தொழிற்சாலைதான் காரணம்" என்று முடிவு கட்டிவிட முடியாது. "இல்லை" என்று தள்ளிவிடவும் முடியாது. என்ன செய்யலாம்? ஒரே வாரத்தில் எல்லாக் கிணறுகளையும் அளக்கலாம். ஏறத்தாழ ஒரே ஆழமுள்ளவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். தொழிற்சாலைக்கு மேற்புறத்தில், கழிவுநீர் எட்டாத கிணறுகளையும் அளந்து, அந்தக் கோட்டைத் தனி நிறத்தில் அதே தாளில் வரையலாம். இரண்டு கோடுகளும் ஒன்றுபோல் இருந்தால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். ஒன்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் நின்றால், ஊர் மக்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போகலாம்.

மாணவர் அந்தக் கோடையிலும் அடுத்த மழைக்குப் பின்பும் மீண்டும் அளந்தார். இம்முறை கிணறுகள் பதினொன்று. அவற்றில் நான்கு மேற்புறத்தில். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் கிணற்றின் ஆழத்தையும் தேதியையும் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். முன்பு வரைந்ததுபோல் அழகான நேர்கோடு அதில் இல்லை. புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஆனாலும் போக்குத் தெரிந்தது. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

நீங்களும் செய்து பாருங்கள்

தொழிற்சாலைக் கழிவுநீர்க் குழிகளுக்கு அருகே யாரும் போக வேண்டாம். அங்கே உயிரைப் பறிக்கும் வாயுக்கள் உண்டாகும். வீட்டுக் கிணறும் தெருக் குழாயும் போதும்.

1. ஒரே கிணற்று நீரை மாதம் ஒருமுறை என ஓராண்டு அளங்கள். எது கிடை அச்சில் வரும்?

2. சோதனைக்குழாயில் ஒரு குண்டைக் கூடுதலாகப் போட்டு, உப்புச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். புதிய கோடு பழைய கோட்டுக்கு மேலே அமையுமா, கீழே அமையுமா? வரையுமுன் விடையை எழுதி வைத்துவிட்டு, பிறகு வரைந்து சரிபாருங்கள்.

3. செய்தித்தாளிலிருந்து ஒரு வரைபடத்தை வெட்டி எடுத்து, அதன் அச்சுகள் எங்கே தொடங்குகின்றன, இடைவெளிகள் சமமா என்று சோதியுங்கள்.

அளப்பதற்கு முன் மூன்று கேள்விகள். வரைவதற்கு முன் இரண்டு அச்சுகள். இவற்றில் கவனமாக இருந்தால், நீங்கள் வரையும் கோட்டை நம்பி ஒருவர் கிணறு வெட்டலாம்.